ஸ்விங் மலையேறிய வழி: ‘வனமோகினி’ முதல் ‘சர்வர் சுந்தரம்’ வரை

மலேசியாவின் கேமரன் மலையில் ஸ்விங் எனும் ஜாஸ் நடன இசையை மீட்பது பற்றிப் பேச்செடுத்தால், கை நீளுவது 1937இல் எழுந்த ஸ்மோக்ஹவுஸ் விடுதியை நோக்கித்தான். அமெரிக்க ஸ்விங் பேண்டுத் தலைவர் கிளென் மில்லர் காலத்துக் கட்டடம்; பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம். ஆனால் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ (BOH) தேயிலைத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு, துரைமார் விடுதி வழியாகத்தான் இசை வந்திருக்க வேண்டுமா?

இந்த ‘விடுதி வழி’ வாசிப்புக்கு வலுவான முன்மாதிரி பம்பாய் ஜாஸ் பற்றிய நரேஷ் பெர்னாண்டஸின் ‘தாஜ்மகால் ஃபாக்ஸ்ட்ராட்’ (2012) நூல். 1930களின் நடுவில் பம்பாய் தாஜ் விடுதியில் லியோன் ஆபி முதலிய கறுப்பின அமெரிக்கர்கள் ஜாஸ் வாசித்தார்கள். கோவாவின் மாதாகோவில் பள்ளிகளில் இசைக்குறிப்பு படிக்கப் பழகியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இந்திப் படக்கூடங்களுக்குப் போனார்கள். 1951இல் சி. ராம்சந்திரா இசையமைத்த ‘அல்பேலா’வில் கோவாக் கலைஞர் சிக் சாக்லேட்டின் டிரம்பெட் முழங்கியது. தகவல்களில் எனக்குப் பிணக்கில்லை. அவர் எழுதியது பம்பாயின் கதை. அந்த வரிசையைத் தெற்குக்கும் கடல் கடந்த தமிழருக்கும் அளவுகோலாக்குவதில்தான் பிணக்கு. அப்படி அளந்தால், தமிழ்ப் படம் பம்பாய் தின்ற மிச்சத்தை வாங்கிக்கொண்டதாகிவிடும்.

‘வனமோகினி’ (1941) அந்த வரிசையில் உட்கார மறுக்கிறது. இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி, ஹாலிவுட்டின் டோரதி லமோர் பாணியில் காட்டுப்பெண்ணாகத் தோன்றிய தமிழ்ப் படம். இயக்கம் பகவான், இசை ராம்சந்திரா. பத்தாண்டு கழித்து ‘அல்பேலா’ தந்த அதே இணை! ராம்சந்திரா இசையமைப்பாளரானதே தமிழில்தான். 1941இலேயே தமிழில் ஸ்விங் அடித்தது என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனால் பம்பாய் கொடுத்தது, சென்னை வாங்கியது என்ற ஒருவழிக் கணக்கு இங்கே உதைக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிவிட்டதால், படத்தை மலாயாத் தோட்டங்களோடு முடிச்சுப்போடவும் துணியேன்.

மலாயாவில் கோவாக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பிலிப்பினோக்கள். 1961இல் மலாயா வானொலி இசைக்குழுவை அமைத்தவர் அவர்கள் வழிவந்த அல்போன்சோ சோலியானோ. மறு ஆண்டே ‘இபு மெர்துவாக்கு’ (‘என் மாமியார்’) என்ற மலாய்ப் படத்தில் மலாய் நடிகர் பி. ராம்லி சாக்ஸபோன் கலைஞராக வந்தார். வாத்தியக்காரன் மருமகனா என்று மாமியார் சீறுவதை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

வாத்தியக்காரரைத் திரையில் காட்டிய அந்தப் படத்துக்கு இணையாகத் தோட்டத் தமிழருக்கு உள்ள சான்று ‘சர்வர் சுந்தரம்’ (1964). ‘அவளுக்கென்ன’ பாட்டில் ஒலிப்பதிவுக்கூடமே காட்சியாகிறது: இசையமைப்பாளர் எம். எஸ். விஸ்வநாதன் கைவீசுகிறார், டி. எம். சௌந்தரராஜன் பாடுகிறார், வாத்தியக்காரர்களுக்கும் முகம் கிடைக்கிறது. ஸ்விங் தாளம் நொண்டி நடக்கும், நெடிலும் குறிலுமாக. இங்கே பாங்கோ மேளம் சம இடைவெளியில் லத்தீன் நடை போடுகிறது. கண்டிப்பானவர் இது ஸ்விங்கே அல்ல என்பார். தாளத்தைப் பொறுத்தவரை சரி. பித்தளைக் குழல்கள் கூட்டமாக எழுந்து பாடகருக்குப் பதில் சொல்லும் கட்டுமானமோ பெரிய பேண்டுக்கே உரியது. 1964 என்பதும் திரையரங்க ஆண்டுதான்; தோட்டத்துத் திடலில் திரை கட்டிய இரவுகளின் ஆண்டாக அதைக் கொள்ளக் கூடாது.

கேமரன் மலையின் பிரிஞ்சாங் ஊரில் இன்று ஒரு பேண்டை நிறுத்துபவர் மில்லரில் தொடங்கினால் சுற்றுலாப் பயணிகள் தலையாட்டுவார்கள். ‘அவளுக்கென்ன’வின் பித்தளைப் பகுதியில் தொடங்கினால், லயத்துப் பாட்டிக்கு யாரும் அறிமுகம் சொல்ல வேண்டியிருக்காது.