இடம் முந்த வேண்டும்: பள்ளிக்கரணையும் உள்ளூர்த் திட்டமிடலும்

பருவநிலை இலக்கும் இயற்கைப் பாதுகாப்பும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பவை என்ற அனுமானத்தில்தான் நம் திட்ட ஆவணங்கள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. தென்சென்னையின் பள்ளிக்கரணைக் கழுவெளி அதை மறுக்கிறது. காற்றாலை மின்சாரத்துக்கான நடுவண் அரசின் ஆய்வு நிறுவனம் அந்தச் சதுப்பு நிலத்தில்தான் எழுந்தது. வாகனப் புகையைக் குறைக்க உதவும் பறக்கும் ரயில் தடமும் வேளச்சேரிப் பக்கம் அதே சதுப்பின் மேல்தான் நீண்டது. காற்றாலையும் ரயிலும் வேண்டாம் என்று யார் சொல்வார்? எதைக் கட்டுவது என்பதற்கு முன்பே, எங்கே கட்டக் கூடாது என்பது முடிவாகியிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செம்பாக்கம், நாராயணபுரம், வேளச்சேரி முதலிய ஏரிகளின் உபரி நீர் கழுவெளியில் இறங்கிப் பரவி நிற்கிறது. பின் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகக் கணிக்கப்படும் இந்நிலத்தில் 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது, 2022இல் 1,247.54 ஹெக்டேர் ராம்சார் பன்னாட்டு ஈரநிலத் தலமானது. ஆனால் தண்ணீர் இந்த எல்லைக்கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. பயிருக்கும் மனைக்கும் உதவாத தரிசு என்று ஒதுக்கப்பட்டதாலேயே பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்கு இங்கே இடம் கிடைத்தது. வெள்ளத்தை வாங்க வேண்டிய நிலம், மீத்தேனை வெளியிடும் நிலமானது.

சிக்கலின் வேர் அனுமதி முறையில் இருக்கிறது. நில வகைப்பாடு மாற்றமும் கட்டட அனுமதியும் சர்வே எண் வாரியாகவே பரிசீலிக்கப்படுகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு மனையும் குற்றமற்றது. தரையை நாலடி உயர்த்திவிட்டால் விண்ணப்பதாரருக்குப் பிரச்சினை தீர்ந்தது. அந்த நாலடித் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போவது எந்தக் கோப்பிலும் ஏறாது. 2050க்குள் கார்பன் சமநிலை என்று பேசும் சென்னையின் 2023ஆம் ஆண்டுப் பருவநிலைச் செயல்திட்டம் ஒரு கொள்கை ஆவணம் மட்டுமே. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் முழுமைத் திட்டத்துக்கோ சட்ட வலு உண்டு. இரண்டும் முரண்பட்டால் எது வெல்லும் என்று விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும்: இத்தகைய நிலங்களில் கட்டத் தடை விதித்தால் ஏழைகளுக்கு வீட்டுமனை எட்டாக்கனியாகும். நியாயமான கவலைதான். ஆனால் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கழுவெளிக்கு அருகே பெரும்பாக்கத்தின் தாழ்நிலத்தில் குடியேற்றியதும் திட்டமிடல்தான். 2015 வெள்ளம் அங்கேயும் புகுந்தது. இடத்தைப் பற்றிய முடிவைத் தள்ளிப்போட்டதன் விலையைப் பட்டா வைத்திருப்பவரைவிட வாடகைக்கும் ஒதுக்கீட்டுக்கும் காத்திருப்பவரே அதிகம் கொடுக்கிறார்.

2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்ட பெருநகரப் பகுதிக்குள் இன்னும் வீட்டுமனை ஆகாத ஏரிகளும் தாங்கல்களும் ஏராளம். அடுத்த முழுமைத் திட்டத்தில் வண்ண வரைபடம் தீட்டுமுன், ஒவ்வொரு நீர்ப்பிடிப்பிலும் வெள்ளம் நிற்கும், ஓடும் சர்வே எண்களைப் பட்டியலிட்டு, அவற்றின் வகைப்பாட்டை மாற்றும் அதிகாரத்தைச் சட்டத்தால் நீக்க வேண்டும். மற்ற மனைகளுக்கும் அனுமதி தருமுன் நீர்ப்பிடிப்பு முழுவதிலும் அதுவரை தந்த அனுமதிகளோடு சேர்த்து வெள்ள விளைவைக் கணக்கிட வேண்டும். இதனால் சில மனைகளின் விலை சரியும். இழப்பீடு யாருக்கு, எவ்வளவு என்பதையும் அதே சட்டம் சொல்லியாக வேண்டும்.