ஆர்ச்சி அழியாத உலகம்

திருவண்ணாமலை தேரடித் தெருவில், சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்பவரிடம் ரோபோ ஆர்ச்சி கதையொன்று கிடைத்தது. அட்டை இல்லை, முதற்பக்கமும் இல்லை. 1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸின் பழைய இதழ். இத்தகைய இதழ்களில் வளர்ந்த நமக்கு இணை உலகம் என்ற சொல் மிகப் பிற்பாடே அறிமுகமாயிற்று.

அமெரிக்காவில் அதன் வாசல் 1961இல் திறந்தது. 1940இல் கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத்தில் பிறந்த ஃப்ளாஷ், ஜே கேரிக், போருக்குப் பின் கைவிடப்பட்டான். 1956இல் அதே பெயரில் பேரி ஆலன் வந்தான். பழையவன் என்ன ஆனான்? ஃபாக்ஸே விடை எழுதினார். மேடையில் கயிற்று வித்தை காட்டும் பேரி, அதிர்வின் வேகத்தில் வேறோர் பூமிக்குள் நழுவிக் கேரிக்கைச் சந்திக்கிறான். சிறுவயதில் தான் படித்த சித்திரக்கதையின் நாயகன்! அவ்வுலகம் ஃபாக்ஸின் கனவில் புலப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறான். எழுத்தாளன் தன்னையே கதைக்குள் சாட்சியாக நிறுத்திய துணிச்சல் இன்றும் வியப்பூட்டுகிறது.

அதன்பின் உலகங்கள் பெருகின. குழப்பம் மிகுந்ததென்று பதிப்பகத்தார் கருதியதால், 1985இல் தொடங்கிய பன்னிரண்டு இதழ்த் தொடரில் அவை அழிக்கப்பட்டன. வாசலைத் திறந்த பேரியும் அதிலேயே மாண்டான், 2008இல்தான் மீண்டான். கணக்கைச் சரிசெய்யக் கதைகளைக் கொன்றது எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

இங்கிலாந்தில் 1952இல் பிறந்த நம் ஆர்ச்சியையும் அந்த அலை தொட்டது. கிராண்ட் மாரிசனின் 'ஜெனித்' தொடரில், பல பூமிகளின் நாயகர்கள் திரளும் போருக்கு அவனும் இழுக்கப்பட்டான். தமிழ் வாசகன் இதை அறியவில்லை. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியும், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பல கதைகள் எழுதிய ஸ்பைடரும், தாயகத்தில் மறக்கப்பட்ட பின்னும் சிவகாசியில் மறுபதிப்புகளாக வாழ்ந்தனர். அதுவும் ஓர் இணை உலகந்தானே?

2004இல் ஸ்பைடர்மேன் வேட்டி கட்டி மும்பையில் பவித்ர் பிரபாகராகப் பிறந்தான். 2023இல் திரைக்கும் வந்தான்.

மணிவாசகர் திருவெம்பாவை பாடியதாகச் சொல்லப்படும் ஊர் இது. அவருடைய திருவண்டப்பகுதியிலும் அண்டங்கள் கோடிக்கணக்கில் விரிகின்றன. உடனே எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். அங்கே எண்ணிக்கை இறைவனின் பெருமைக்காக. இங்கே கைவிடப்பட்ட ஒருவனுக்கு இடம் தருவதற்காக.

ஆர்ச்சியின் கிழிந்த முதற்பக்கம் யாரிடமாவது இருந்தால் நகலெடுத்து அனுப்புங்கள்.