மைசூர்க் குடிக்கணக்கும் மாணவர் கணக்கும்

மைசூரு நகரின் நடுவே அமைந்த தேவராஜ மொஹல்லாவைத் தமிழர் பலரும் அறிவர். பூவும் வெற்றிலையும் நஞ்சன்கூட்டு ரசவாழையும் வாங்க அவர்கள் நாடிச் செல்லும் தேவராஜ மார்க்கெட் அங்குதான் உள்ளது. அதன் முகப்பில், டப்ரின் பிரபுவின் பெயரால் எழுந்த சிறிய மணிக்கூண்டு நிற்கிறது. கன்னட மக்கள் அதனைச் 'சிக்க கடியார' என அழைப்பர். சற்றுத் தள்ளி, 1927இல் எழுப்பப்பெற்ற பெரிய மணிக்கூண்டின் அருகே, ரங்காசார்லு நினைவு மண்டபம் என்னும் நகர மண்டபம் உள்ளது. அம்மண்டபத்திற்கு 1884இல் அடிக்கல் நாட்டப்பெற்றது.

அதற்குப் பெயர் தந்த சி. வி. ரங்காசார்லு, செங்கற்பட்டு மாவட்டத்தில் 1831இல் பிறந்தவர். மைசூர் சமஸ்தானத்தின் திவானாக உயர்ந்தவர். திவானாகப் பொறுப்பேற்றபோது அவர் முன் இருந்தது ஒரு துயரக் கணக்கு. அக்கணக்கு நம் பிள்ளைகளின் பாடத்தோடும் தொடர்புடையது. பத்தாம் வகுப்பு மாணவர்கள் 'புள்ளியியல்', 'நிகழ்தகவு' என்ற தலைப்புகளில் இன்று எண்ணற்ற பயிற்சிக் கணக்குகளைச் செய்கின்றனர். சூத்திரத்தை மனப்பாடம் செய்து விடையைக் கண்டுவிட்டால் போதும் என்று எண்ணுவோரும் உளர். ஆனால் அவ்விடை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்று கேட்கத் தெரிந்தால்தான் அப்பயிற்சி கல்வியாகும். மைசூரின் வரலாறு இதனை நன்கு விளக்குகிறது.

1831 முதல் ஐம்பது ஆண்டுகள் மைசூர் நாடு ஆங்கிலேயக் கமிஷனர்களின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில், 1871இல், அங்கு முறையான குடிக்கணக்கு எடுக்கப்பெற்றது. நாட்டின் மக்கள் தொகை 50,55,412 என அது காட்டியது. அதன்பின் மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே வாட்டிய அக்கொடும் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் 'தாது வருடப் பஞ்சம்' என்று இன்றும் நினைவு கூர்கின்றனர். மைசூர் நாடும் அதற்குத் தப்பவில்லை. 1881 பிப்ரவரியில் மீண்டும் மக்களை எண்ணியபோது தொகை 41,86,188 ஆகக் குறைந்திருந்தது. பத்தாண்டுகளில் குறைந்தவர் 8,69,224 பேர். இது நூற்றுக்குப் பதினேழுக்கும் மேல். அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு மேல் குறைந்துவிட்டனர்.

அதே ஆண்டு மார்ச் 25ஆம் நாள், நாட்டின் ஆட்சி சாமராஜேந்திர உடையாரிடம் திருப்பி அளிக்கப்பெற்றது. ரங்காசார்லு முதல் திவான் ஆனார். அவர் ஏற்றுக்கொண்டது, மக்களை இழந்த நாடும் பஞ்சம் விட்டுச் சென்ற 80 லட்ச ரூபாய்க் கடனுமே ஆகும். அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் மைசூர்ப் பிரதிநிதித்துவ சபை முதன்முறையாகக் கூடியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த 144 பேர் முன்னிலையில் ஆட்சியின் நிலைமை எடுத்துரைக்கப்பெற்றது. கணக்கை மக்கள் முன் வைக்கும் வழக்கம் அங்கு இவ்வாறு தொடங்கியது. 1883 ஜனவரியில் ரங்காசார்லு மறைந்தார். அவருக்குப்பின் பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர் திவானாகி, 1901 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவர் காலத்தில் தொகை மீண்டும் பெருகியது. 1891இல் 49,43,604 ஆகவும், 1901இல் 55,39,399 ஆகவும் அது உயர்ந்தது.

இந்த நான்கு எண்களையும் ஒரு மாணவனிடம் கொடுத்து, "முப்பது ஆண்டுகளில் மைசூரின் மக்கள் தொகை சராசரியாக எவ்வளவு கூடியது?" என்று வினவுவோம். அவன் 1901இன் எண்ணிலிருந்து 1871இன் எண்ணைக் கழிப்பான், 4,83,987 கிடைக்கும். அதனை மூன்றால் வகுத்து, பத்தாண்டுக்கு 1,61,329 பேர் வீதம் கூடினர் என்பான். கணக்கில் பிழையில்லை, தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த விடையை மட்டும் படிப்பவர், மைசூர் நாடு அமைதியாக வளர்ந்து வந்ததென்றே நினைப்பர். இலட்சக்கணக்கான மக்களை விழுங்கிய பஞ்சம் அந்த ஒரே எண்ணுக்குள் புதைந்துவிட்டது.

சராசரி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொன்னது. ஆகவே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பத்தாண்டிலும் ஏற்பட்ட மாறுதல் என்ன? முதற் பத்தாண்டில் 8,69,224 குறைவு. இரண்டாவதில் 7,57,416 கூடுதல். மூன்றாவதில் 5,95,795 கூடுதல். மிகப் பெரிய மாறுதலுக்கும் மிகச் சிறிய மாறுதலுக்கும் உள்ள வேறுபாட்டை 'வீச்சு' என்பர். இங்கு வீச்சு 16,26,640. சராசரியைப்போல் அது பத்து மடங்கு! திட்ட விலக்கம் கண்டாலோ ஏறத்தாழ 7.3 லட்சம் வரும். அதுவும் சராசரியைப்போல் நான்கரை மடங்கு. 'இந்தச் சராசரியை நம்பி எதனையும் முடிவு செய்யாதே' என்று இவ்விரு எண்களும் எச்சரிக்கின்றன. பாடநூலில் சராசரிக்குப் பின் வீச்சும் திட்ட விலக்கமும் ஏன் வருகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டுவதில்லை.

மற்றொன்றையும் மாணவன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 8,69,224 என்பது இறந்தவர்களின் எண்ணிக்கையா? அன்று. பஞ்ச காலத்தில் இறந்தோர் உண்டு. ஊரைவிட்டுப் பெயர்ந்தோர் உண்டு. பஞ்சம் இல்லாதிருந்தால் பிறந்திருக்கக்கூடிய, பிறவாமற்போன குழந்தைகளும் உண்டு. மற்றைய எட்டு ஆண்டுகளில் நிகழ்ந்த பிறப்பும் இறப்பும் அதனுள் அடங்கியுள்ளன. இரண்டு தொகைகளின் வேறுபாடு ஒரு நிகழ்ச்சியின் முழுக் கதையையும் கூறிவிடாது. எண்ணைக் கண்டவுடன் அதற்கு ஒரு காரணத்தைச் சூட்டிவிடாமல் நின்று ஆராய்வதே புள்ளியியல் தரும் முதற் பயிற்சி.

அன்றாட வாழ்விலும் இதே பாடத்தைக் காணலாம். தேவராஜ மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லிகை ஏழு நாட்களில் முறையே 20, 20, 25, 20, 25, 30, 70 ரூபாய்க்கு விற்றது எனக் கொள்வோம். கடைசி நாள் வரலட்சுமி நோன்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு விலைகளின் கூட்டுத்தொகை 210, சராசரி 30. ஆயினும் ஆறு நாட்களில் ஒரு நாள்கூட விலை 30 ரூபாயைத் தாண்டவில்லை. ஐந்து நாட்கள் அதற்குக் குறைவாகவே இருந்தது. விலைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது 25. இது இடைநிலை அளவு. மிகுதியாக வந்த விலை 20, இது முகடு. பூக்காரரிடம் பேரம் பேசப் போகிறவருக்கு உதவுவது எது? சாதாரண நாளின் விலையை அறிய விரும்புவோர் இடைநிலை அளவையோ முகட்டையோ கொள்வர். வாரம் முழுவதும் நாள்தோறும் ஒரு முழம் வாங்கும் குடும்பம் மொத்தச் செலவைத் திட்டமிட வேண்டுமாயின் சராசரியே துணை. எந்த அளவு சிறந்தது என்பதை எண்கள் தீர்மானிப்பதில்லை. நம் தேவை தீர்மானிக்கிறது.

இனி நிகழ்தகவுக்கு வருவோம். புள்ளியியல் நடந்து முடிந்ததை எண்ணுவது. நிகழ்தகவோ நடக்க இருப்பதை அளப்பது. இத்துறை விளையாட்டிலிருந்து பிறந்ததென்பது வியப்புக்குரியது. பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை இருவர் எவ்வாறு பிரித்துக்கொள்வது என்ற கேள்வியைப் பற்றி, 1654இல் பிரான்சு நாட்டுப் பாஸ்கலும் பெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64 நாணயம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றது. இன்னும் இரண்டு ஆட்டம் நடந்தால் போதும்; அவற்றின் முடிவுகள் நான்கு வகையாக அமையலாம். இரண்டிலும் வென்றால்தான் பின்தங்கியவருக்கு வெற்றி. மற்ற மூன்று வகையிலும் முன்னிற்பவரே வெல்வார். ஆகவே ஒருவருக்கு 48, மற்றவருக்கு 16. மாணவர் பயிலும் 'கூறுவெளி' என்னும் கருத்து இதில் முழுமையாக உள்ளது.

நம் நாட்டிலும் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. 1868இல் மறைந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பலகை விளையாட்டுகளிலும் சீட்டாட்டங்களிலும் பெரும் ஈடுபாடு கொண்டவர். சதுரங்கக் குதிரையை எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே ஒரு முறை செலுத்தும் புதிருக்கு விடைகள் அமைத்தவர். அரண்மனையில் அவர் ஆடிய ஆட்டங்கள் ஒருபுறமிருக்க, நம் வீட்டுக் கூடத்தில் ஆடும் தாயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தாயக்கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளியிட்ட மூன்று பக்கங்களும், புள்ளியில்லாத ஒரு பக்கமும் உண்டு. இரண்டு கட்டைகளை உருட்டினால் பதினாறு வகையில் விழலாம். தாயம் என்பது ஒன்று. ஒரு கட்டை வெறுமையாகவும் மற்றொன்று ஒன்றாகவும் விழ வேண்டும். அதற்கு வழி இரண்டே. ஆகவே தாயம் விழும் நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. ஐந்து விழுவதும் அவ்வாறே 1/8. ஆறும் பன்னிரண்டும் தனித்தனியே 1/16. மூன்று விழுவதற்கோ நான்கு வழி உண்டு; நிகழ்தகவு 1/4. பாட்டிமார் சூத்திரம் ஏதும் கல்லாமலே, எது அரிது, எது எளிது என்று அறிந்து ஆடி வந்தனர்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்றுண்டு. நிகழ்தகவு 1/8 என்றால், எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் கட்டாயம் விழும் என்று நினைப்பர். ஒருமுறை தாயம் விழாமலிருக்கும் நிகழ்தகவு 7/8. எட்டு முறையும் விழாமலிருப்பதற்கு 7/8ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.34. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்! "இத்தனை முறை விழவில்லை, இனி விழுந்தே தீரும்" என்று எண்ணிப் பணத்தைப் பந்தயத்தில் இழந்தோர் பலர். கட்டைக்கு நினைவில்லை என்ற ஓர் உண்மையை இளமையிலேயே உணர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் அத்தகைய வலையில் எளிதில் விழமாட்டான்.

எண்ணுவதும் அளப்பதுமாகிய இவ்விரண்டும் ஒன்று சேர்ந்தபோது புதியதொரு வழி திறந்தது. எல்லோரையும் எண்ணாமல், வாய்ப்பு முறையில் சிலரைத் தேர்ந்து, அவர்களைக் கொண்டு எல்லோரையும் மதிப்பிடும் மாதிரிக் கணக்கெடுப்பு அது. பேராசிரியர் மகலனோபிசு 1931இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் இம்முறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தது. அக்கழகத்தில் புகழ்பெற்ற சி. ஆர். ராவ், அன்று சென்னை மாகாணத்தில் இருந்து இன்று கர்நாடகத்தில் உள்ள ஹூவின ஹடகலியில் 1920இல் பிறந்தவர். மைசூர் இராச்சியத்திலேயே, 1951-52 ஆண்டுகளில், ஐக்கிய நாடுகள் அமைப்பும் இந்திய அரசும் இணைந்து தேர்ந்தெடுத்த பகுதிகளில் மக்கள் தொகை ஆய்வு நடத்தின. அதன் அறிக்கை 1961இல் வெளியாயிற்று. பஞ்சத்திற்குப் பின் தலைகளை எண்ணிய அதே நாட்டில், பிறப்பையும் குடும்ப அளவையும் முன்கூட்டி அறிய முயலும் காலம் வந்தது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இப்பாடம் இன்னொரு வகையிலும் நெருக்கமானது. பெருந்தொகையின் சராசரியில் சிறு கூட்டத்தின் நிலை மறைந்துபோவது இயல்பு. ஒரு மாநிலத்தின் சராசரி வருவாயோ சராசரிக் கல்வியோ உயர்ந்திருக்கலாம். அங்கே ஒரு தெருவில் வாழும் சில குடும்பங்களின் நிலை அதிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கலாம். அதனைக் கேட்டறிய வேண்டுமாயின், 'சராசரி எவ்வளவு?' என்பதோடு நில்லாது, 'விலக்கம் எவ்வளவு?' என்றும் வினவக் கற்க வேண்டும்.

பிள்ளைகள் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ பயின்றாலும், சராசரி, இடைநிலை அளவு, முகடு, வீச்சு, நிகழ்தகவு என்னும் சொற்களை வீட்டில் வழங்கலாம். வாரச் செலவுக் கணக்கை அவர்களிடமே கொடுத்து மூன்று அளவுகளையும் காணச் சொல்லலாம். தாயக்கட்டையை நூறு முறை உருட்டி, விழுந்ததைக் குறித்து, கணக்கில் வரும் எண்ணோடு ஒப்பிடச் செய்யலாம். இரண்டும் முற்றிலும் ஒத்துவராமை கண்டு அவர்கள் வியப்பதே நல்ல தொடக்கம். ஒவ்வொரு விடையின் கீழும், 'இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?' என்று ஒரு வரி எழுதும் வழக்கத்தையும் பழக்கலாம். அந்த ஒரு வரியை எழுதக் கற்ற தலைமுறையின் முன் எந்தப் பஞ்சமும் ஒரு சராசரிக்குள் ஒளிந்துகொள்ள இயலாது.