புளித்துப்போன சகதியின் கதை

மாவு புளித்தால் இட்லி கிடைக்கும். சாக்கடைச் சகதி புளித்தால் என்ன கிடைக்கும்? மூக்கைப் பொத்தாதீர்கள் நண்பர்களே, இதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது.

1890களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரூன் என்பவர் மூடிய தொட்டியில் கழிவுநீரைத் தேக்கினார். காற்றில்லாத அந்த இருட்டில் நுண்ணுயிர்கள் சகதியைத் தின்று வாயுவை விட்டன. அந்த வாயுவில் விளக்கும் எரிந்தது. அதற்குப் பிறகு சகதி என்றாலே எல்லோருக்கும் மீத்தேன் மேல்தான் கண்.

ஆனால் சகதி ஒரே தாவலில் மீத்தேன் ஆகிவிடாது. முதலில் ஒரு கூட்டம் பாக்டீரியாக்கள் அதைக் கரைத்து அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் போன்ற ஆவியாகும் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். (அசிட்டிக் என்றால் பயப்பட வேண்டாம், வினிகரில் புளிப்பது அதுதான்.) பிறகு வேறு நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களை மீத்தேனாக்கும். முதல் கூட்டம் முயல், கடைசிக் கூட்டம் ஆமை. முயல் வேகமாக அமிலத்தைக் குவித்துவிட்டால் ஆமை படுத்துவிடும். வாயு நின்று நாற்றம்தான் மிஞ்சும். உடனே சுண்ணாம்பைக் கொட்டிச் சரிசெய்வார்கள். ஆக, பல பத்தாண்டுகளாக இந்த அமிலத்துக்கு வியாதி என்றுதான் பெயர்.

கதை திரும்பியது தென்னாப்பிரிக்காவில். கழிவுநீரில் உள்ள பாஸ்பரஸ் ஏரியில் கலந்தால் பாசி மண்டும். படிகார வகைகளைப் போட்டு அதைப் பிரிக்கலாம், ஆனால் செலவு, சகதியும் கூடும். 1970களில் ஜேம்ஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் நுண்ணுயிர்களை வைத்தே பாஸ்பரஸை நீக்க வழி காட்டினார். இந்த நுண்ணுயிர்கள் காற்றில்லாத தொட்டியில் கொழுப்பு அமிலத்தை உண்டு உடம்பில் சேமிக்கும். அடுத்து காற்றுள்ள தொட்டிக்குப் போனதும் அந்தச் சேமிப்பைச் செலவழித்து பாஸ்பரஸை அளவுக்கு மீறி விழுங்கும். அமிலம் போதவில்லை என்றால் வேலை நடக்காது.

அமிலத்துக்கு எங்கே போவது? கனடாவில் ஒகனாகன் ஏரிக்கரையில் உள்ள கெலோனா நகரம் 1980களில் பதில் சொன்னது. முதல் தொட்டியின் அடியில் தங்கும் சகதியைச் சில நாட்கள் மட்டும் புளிக்க விட்டார்கள். ஆமைகள் பெருகுவதற்குள் அமில நீரைப் பிரித்து, பாஸ்பரஸ் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஊட்டினார்கள். சுண்ணாம்பு போட்டு விரட்டிய அதே அமிலம்! பர்னார்டுக்கு 2011ல் சிங்கப்பூரின் லீ குவான் யூ தண்ணீர் விருது கிடைத்தது.

காமர்ஸ் மாணவனாக ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. இது இலவசச் சரக்கு அல்ல. அமிலமாக எடுத்த அளவுக்கு மீத்தேன் குறையும். விளக்கா, ஏரியா என்று ஒவ்வொரு ஊரும்தான் கணக்குப் போட வேண்டும். கெலோனா ஏரியைத் தேர்ந்தெடுத்தது.