திரியாய்க் குன்று எழுப்பும் நான்கு வினாக்கள்

பொது அறிவு வினாவிடை, வானொலி நேயர்கள் பெரிதும் விரும்பிக் கேட்கும் நிகழ்ச்சிகளுள் ஒன்று. வினா ஒரு வரி. விடை ஒரு சொல். ஆயின் ஒரு சொல் விடையோடு நின்றுவிட்டால் வரலாற்றைத் தவறாக விளங்கிக்கொள்ள இடந்தரும் ஊர்களும் உண்டு. ஈழத்தின் கீழ்க்கரையிலுள்ள திரியாய் அவற்றுள் ஒன்று.

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து புல்மோட்டைக்குச் செல்லும் வழியில் அமைந்தது திரியாய். வயல் சூழ்ந்த பழந்தமிழ்க் கிராமம் அது. அதன் அருகே ஒரு பாறைக் குன்று. குன்றின் மேல் பௌத்தத் தூபி ஒன்றும், அதனைச் சுற்றி வட்டமாக நாட்டப்பெற்ற கற்றூண்களும் இருக்கின்றன. தூண்கள் தாங்கிய கூரை அழிந்துபோயிற்று. சிங்கள மக்கள் இத்தலத்தைக் கிரிகண்டு சேய என்பர். இக்குன்றின் பாறையிலே ஒரு கல்வெட்டு உண்டு. அதிலிருந்தே நம் நான்கு வினாக்களும் பிறக்கின்றன.

முதல் வினா: இக்கல்வெட்டின் மொழி யாது? தமிழுமன்று, சிங்களமுமன்று; வடமொழி. கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டினது என்பது அறிஞர் கணிப்பு. தொல்லியல் அறிஞர் பரணவிதான இதனை ஆராய்ந்து, 'எபிகிராபியா சேலானிக்கா' நான்காம் தொகுதியில் வெளியிட்டார்.

இரண்டாம் வினா: எழுத்து யாது? பல்லவ கிரந்தம். அப்படியாயின் பல்லவர் திரியாயை ஆண்டனர் எனக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. மொழி வேறு, எழுத்து வேறு, ஆட்சி வேறு. தென்னாட்டெழுத்து கப்பலேறிக் கடல் கடந்த எழுத்து. கம்போசத்தின் கெமர் எழுத்தும், சாவகத்தின் பழைய காவி எழுத்தும் அந்த வழியில் வந்தவையே. போர்னியோத் தீவின் குத்தாய் என்னுமிடத்தில், ஏறத்தாழ கி.பி. 400இல் நாட்டப்பெற்ற தூண்களிலும் தென்னாட்டெழுத்தைக் காண்கிறோம். அங்கெல்லாம் பல்லவர் அரசு செலுத்தவில்லை. வணிகரும் துறவியரும் அந்தணரும் சென்றனர். அவர்களோடு எழுத்தும் சென்றது. நாம் இன்று எழுதும் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியனவும் கிரந்த எழுத்துகளே.

மூன்றாம் வினா: கல்வெட்டில் பேசப்படுவோர் யாவர்? திரபுஸ்ஸகர், வல்லிகர் என்னும் பெயருடைய வணிகக் கூட்டத்தார். பாளி நூலாகிய மகாவக்கத்தில் தபுஸ்ஸர், பல்லிகர் என இரு வணிகர் வருகின்றனர். புத்தர் ஞானம் பெற்ற சின்னாட்களில் அவருக்கு மாவுருண்டையும் தேனும் அளித்து, முதல் இல்லறச் சீடரானவர்கள் அவர்கள். அக்காலத்தில் சங்கம் தோன்றவில்லை. ஆதலால் மூன்று சரணங்களுள் புத்தம், தம்மம் என்னும் இரண்டையே அவர்கள் சொன்னார்கள். புத்தரின் கேசங்களை அவர்கள் கொண்டுவந்து வைத்த இடம் யாங்கோனின் சுவேதகோன் கோயிலே என்பர் பர்மியர். திரியாய்க் குன்றே என்பது இலங்கைப் பௌத்தர் மரபு. கல்வெட்டோ வணிகரைப் பன்மையில் சுட்டுகிறது. ஆதலின் அப்பழம் பெயர்களைத் தாங்கிய வணிகக் குழுவினராக அவர்களைக் கொள்வதும் பொருந்தும். கதையின் பெயரைக் குழு பூண்டதோ, குழுவின் பெயர் கதையோடு கலந்ததோ, இரண்டிற்கும் இடமுண்டு. கப்பல்கள் ஒதுங்குவதற்கு ஏற்ற ஆழமான இயற்கைத் துறைமுகம் திருகோணமலையில் இருப்பதை நினைந்தால், இக்கரையில் வணிகர் பெயர் வருவதில் வியப்பில்லை.

நான்காம் வினா: கல்வெட்டு யாரைப் போற்றுகிறது? அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிரீயையும். இவர்கள் மகாயான பௌத்தர் வணங்கும் போதிசத்துவர்கள். அவலோகிதர் கடலில் தத்தளிப்போரைக் காப்பவர் என்பது மகாயான நம்பிக்கை. வணிகர் அவரை நாடியதன் காரணம் இதனால் விளங்கும். தமிழோடும் அவருக்குத் தொடர்புண்டு. அகத்தியர் அவலோகிதரிடமே தமிழ் கேட்டார் என்பது, 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் கூறும் செய்தி.

நேயர்களே, இந்நான்கு விடைகளையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். வடமொழி, தென்னாட்டெழுத்து, கடல் வணிகர், மகாயான பௌத்தம், ஈழத்து மண். இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து, இக்குன்று எமக்கே உரியது என்று எவரும் சொல்வதற்கு இக்கல்வெட்டு இடங்கொடுக்கவில்லை. பௌத்தம் என்றால் தமிழுக்கு அயல் என்போரும், தமிழர் என்றால் பௌத்தத்துக்கு அயலார் என்போரும் திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரையைக் காணல் வேண்டும். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்ற அப்பள்ளிக்கு விளக்கும் பொருளும் கொடை அளித்தோர், அக்கொடைகளைத் தமிழிலேயே கல்லில் பொறித்து வைத்தனர்.

இவை ஏட்டுச் செய்தி மட்டுமல்ல. 1985இல் போரினால் திரியாய் மக்கள் ஊரை விட்டுப் பெயர நேர்ந்தது. பின்னர்ப் பலர் மீண்டு வந்து வயல்களைத் திருத்தினர். அண்மை ஆண்டுகளில் தொல்லிட எல்லையும் வயல் நிலமும் பற்றிய பிணக்குகள் இவ்வட்டாரத்தில் எழுந்துள்ளன. அத்தகைய வேளையில் கல்வெட்டைப் பிழையாகப் படித்தால், அதன் விளைவு ஓர் உழவனின் வயலையோ ஓர் அடியவனின் வழிபாட்டையோ சென்று தாக்கும். தூபியைத் தொழுபவரும் அடிவாரத்தில் ஏர் பிடிப்பவரும் ஒருவரையொருவர் விலக்க வேண்டும் என்று அப்பாறையில் எழுதப்படவில்லை.

ஆகவே, திரியாய்க் கல்வெட்டு யாருடையது என்று எவரேனும் வினவினால், ஒரு சொல்லில் விடை கூற முனையாதீர்கள். அது எந்த மொழியில், எந்த எழுத்தில், யாரைப் பற்றி, யாரைப் போற்றி எழுதப்பட்டது என்று எடுத்துச் சொல்லுங்கள். இந்நான்கையும் அறிந்தவரே அவ்வினாவுக்கு விடை அறிந்தவர்.