போலீஸ் பகடிப் படங்கள்

இரண்டு போலீஸ்காரர்கள் ஜோடி சேர்ந்து குற்றவாளியை விரட்டும் கதைகளின் வீராப்பைச் சிரிப்பாக மாற்றும் அதிரடி நகைச்சுவைப் படங்கள் இவை. ‘லெத்தல் வெப்பன்’ (1987) போன்ற ஹாலிவுட் படங்கள் வளர்த்த பாணியை பிரிட்டனின் ‘ஹாட் ஃபஸ்’ 2007-ல் பகடி செய்தது. அதே ஆண்டு தமிழில் சுராஜ் இயக்கிய ‘மருதமலை’ வெளிவந்தது.

முழுப் பகடி அல்ல என்றாலும், தமிழில் இந்த வகைக்கு நெருங்கி வந்த படம் இது. அர்ஜுன் கான்ஸ்டபிள், வடிவேலு ஏட்டு ‘என்கவுண்டர்’ ஏகாம்பரம். ‘குருதிப்புனல்’ (1995) படத்தில் கமல்ஹாசனுடன் இறுக்கமான அதிகாரியாக வந்த அர்ஜுன், இதில் வடிவேலுவின் பக்கத்தில் நிற்பதே பாதிச் சிரிப்பு. ஸ்டேஷன் காட்சி ஒன்றில், ஒரே பெண்ணைத் தன் மனைவி என்று சொல்லி ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். பட்டப்பெயரிலேயே துப்பாக்கி வைத்திருக்கும் ஏட்டு, பஞ்சாயத்தைத் தீர்க்கத் தெரியாமல் விழிப்பார். அடிதடி முழுக்க அர்ஜுனுக்கு, அவமானம் முழுக்க வடிவேலுவுக்கு.

தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டாரத்துக்கு இந்தச் சிரிப்பு வெறும் பொழுதுபோக்கு அல்ல. தமிழ் சினிமாவின் முறுக்கு மீசை போலீஸ் இந்தப் பக்கத்து ஆள்தான். இயக்குநர் ஹரியின் ‘சாமி’ (2003) திருநெல்வேலியிலும், ‘சிங்கம்’ (2010) தூத்துக்குடி மாவட்ட நல்லூரிலும் தொடங்குகின்றன. கோர்ட்டுக்குப் போகாமலே வில்லனைத் தீர்த்துக்கட்டிய ‘சாமி’ நாயகன் ஆறுச்சாமிக்குத் தியேட்டரில் விசில் பறந்த அதே 2003-ல், காக்கியின் கொடுமையை எதிர்க்கும் பெண்ணாகச் சிம்ரன் நடித்த ‘கோவில்பட்டி வீரலட்சுமி’யும் வந்தது.

ஸ்டேஷன் வாசலில் கைகட்டி நின்று பழகியவர்களுக்கு, ஏட்டு ஒருவர் திணறுவதைப் பார்ப்பதில் பெரிய ஆறுதல் உண்டு. இவ்வகைப் படங்களின் கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

சி.எஸ்.அமுதனின் ‘தமிழ்ப் படம் 2’ (2018) இன்னும் நேரடியாக இறங்கியது. ‘விக்ரம் வேதா’ உட்பட பல படங்களின் காட்சிகளை எடுத்துக்கொண்டு, நடிகர் சிவாவுக்குக் காக்கி மாட்டிவிட்டது. முகத்தில் சலனமே இல்லாமல் அவர் செய்யும் சாகசங்கள், அசல் நாயகர்கள் செய்தவற்றிலிருந்து ஒரு படிதான் தள்ளி இருந்தன.

திரையில் சிரிக்கவைத்த காக்கியின் வீராப்பு நிஜத்தில் சிரிப்பல்ல. 2020 ஜூனில் அதே தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்தனர். சில நாட்களில் ஹரி வெளியிட்ட அறிக்கையில், காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார்.