காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கு எதற்குப் பூட்டு?

கடையில் ஒரு கேசட் வாங்கினால் அதை எந்த டேப் ரெக்கார்டரிலும் போடலாம். பானாசோனிக்கா, பிலிப்ஸா, சோனியா என்று கேசட் கேட்காது. சிடி வந்தபோதும் இதே கதைதான். ஆனால் இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய பாட்டு மட்டும் சில வருடங்கள் "உன்னுடையது எந்த கம்பெனி பிளேயர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சில வருடங்களின் வரலாறு வேடிக்கையானது.

முதலில் பின்னணி. 1999இல் நாப்ஸ்டர் வந்தது. அவரவர் கணினியில் இருந்த எம்பி3 பாட்டுகளை இலவசமாகப் பரிமாறிக்கொள்ள அது வழி செய்தது. இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டு 2001இல் அதை நிறுத்த வைத்தன. ஆனாலும் பயம் போகவில்லை. இணையத்தில் பாட்டு விற்கவேண்டும் என்றால் பூட்டுப் போட்டுத்தான் விற்கவேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. அந்தப் பூட்டுக்குப் பெயர் டிஆர்எம், அதாவது டிஜிட்டல் உரிமை மேலாண்மை.

2003 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் இசைக் கடையைத் திறந்தது. 2 லட்சம் பாட்டுகள், ஒவ்வொன்றும் 99 சென்ட். பாட்டுக் கோப்பு சங்கேதமாக மாற்றப்பட்டிருக்கும். அதை அவிழ்க்கும் சாவி வாங்கியவரின் கணக்கோடு இணைந்திருக்கும். ஃபேர்பிளே என்ற இந்தப் பூட்டின் ரகசியத்தைப் போட்டி பிளேயர் கம்பெனிகளுக்கு ஆப்பிள் கொடுக்கவில்லை. ஆகவே ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டு ஐபாடில் பாடும். கிரியேட்டிவ், ஐரிவர் பிளேயர்களில் பாடாது.

இந்தப் பூட்டு திருட்டைத் தடுத்ததா என்றால், இல்லை. வாங்கிய பாட்டை சிடியில் எழுதி, அந்த சிடியிலிருந்து எம்பி3 எடுத்தால் பூட்டு காணாமல் போய்விடும். ஒலித்தரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். திருட நினைத்தவனுக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை. ஒழுங்காகக் காசு கொடுத்தவர்தான் பிளேயர் மாற்ற முடியாமல் மாட்டிக்கொண்டார்.

2004 ஜூலையில் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் ஹார்மனி என்றொரு மென்பொருள் கொண்டுவந்தது. அதன் கடையில் வாங்கிய பாட்டும் அதனால் ஐபாடில் பாடியது. ஆப்பிள் கடுமையாகக் கோபப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஐபாட் ஃபோட்டோவின் மென்பொருளை மாற்றி ஹார்மனி பாட்டுகளை நிறுத்தியது. இதையொட்டி எழுந்த வழக்கு 2014 டிசம்பர் வரை இழுத்தது! ஜூரி ஆப்பிள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் பாட்டுப் பூட்டே ஒழிந்துபோயிருந்தது.

மறுபக்கம் மைக்ரோசாஃப்ட். 2004இல் "பிளேஸ் ஃபார் ஷ்யூர்" என்ற முத்திரையை அறிமுகம் செய்தது. முத்திரை உள்ள கடையில் வாங்கினால் முத்திரை உள்ள எந்தப் பிளேயரிலும் நிச்சயம் பாடும் என்பது வாக்குறுதி. ஆனால் 2006 நவம்பரில் அதே மைக்ரோசாஃப்ட் ஜூன் என்ற சொந்தப் பிளேயரை இறக்கியது. அந்த முத்திரைப் பாட்டுகள் ஜூனில் பாடவில்லை. வாக்குறுதி கொடுத்தவரே அதை மறந்துவிட்டார்!

அடுத்தது இன்னும் மோசம். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடை 2006லேயே விற்பனையை நிறுத்திவிட்டது. 2008 ஏப்ரலில், அங்கே வாங்கியவர்களுக்கு ஒரு அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதிய கணினிகளுக்குச் சாவி கொடுக்கமாட்டோம் என்றார்கள். அதாவது பழைய கணினி போனால் பாட்டும் போச்சு. எதிர்ப்புக் கிளம்பியதும் 2011 கடைசி வரை நீட்டித்தார்கள். கேசட் விற்ற கடை மூடினால் கேசட் ஊமையாகாது. இங்கே மக்கள் வாங்கியது பாட்டை அல்ல, கேட்கும் அனுமதியை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

சரி, பூட்டை உடைத்தது யார்? நார்வேயில் நுகர்வோர் குறைகேள் அதிகாரி 2006லிருந்தே ஆப்பிளுக்கு நெருக்கடி கொடுத்தார். 2007 பிப்ரவரி 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த கட்டுரை எழுதினார். பூட்டைக் கேட்டது இசை நிறுவனங்கள்தான், அவர்கள் சம்மதித்தால் உடனே எடுத்துவிடலாம் என்றார். அவர் காட்டிய கணக்கு முக்கியமானது. 2006இல் பூட்டோடு இணையத்தில் விற்றவை 200 கோடிக்கும் குறைவான பாட்டுகள். எந்தப் பூட்டும் இல்லாமல் சிடியில் விற்றவையோ 2000 கோடிக்கும் மேல்!

இஎம்ஐ நிறுவனம் ஏப்ரலில் இறங்கிவந்தது. மற்ற மூன்று பெரிய நிறுவனங்களும் பூட்டில்லாப் பாட்டை முதலில் கொடுத்தது ஆப்பிளுக்கு அல்ல, 2007 செப்டம்பரில் திறந்த அமேசான் எம்பி3 கடைக்கு. காரணம் எளிது. ஐபாட்தான் ஊரெங்கும் இருந்தது. பூட்டுப் போட்ட பாட்டை அதற்கு விற்க ஐடியூன்ஸால் மட்டுமே முடிந்தது. தாங்கள் கேட்டு வாங்கிய பூட்டின் சாவி ஆப்பிள் கையில் இருந்ததால், விலையையும் ஆப்பிளே சொன்னது. அதிலிருந்து தப்ப அவர்களுக்கு ஒரே வழி, பூட்டைத் தூக்கி எறிவதுதான். எம்பி3 ஆக விற்றால் எந்தக் கடையிலிருந்தும் ஐபாடுக்குப் போகும்.

2009 ஜனவரியில் ஆப்பிளும் சமாதானத்துக்கு வந்தது. ஒரே விலை என்ற பிடிவாதத்தை விட்டு 69 சென்ட், 99 சென்ட், 1.29 டாலர் என்று மூன்று விலைக்குச் சம்மதித்தது. பதிலுக்கு நான்கு பெரிய நிறுவனங்களின் பாட்டுகளும் பூட்டில்லாமல் கிடைத்தன.

ஆக, வாங்கியவர்மேல் இரக்கப்பட்டு யாரும் பூட்டைத் திறக்கவில்லை. வியாபாரிகளின் சண்டையில் அது உடைந்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள்? பழைய பாட்டைப் பூட்டில்லாமல், கூடுதல் தரத்தில் பெற, பாட்டுக்கு 30 சென்ட் மறுபடியும் கட்டவேண்டியிருந்தது.